இளம் அஃபென்சிவ் கோஆர்டினேட்டரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் வழக்கமான சீசன் முடிந்த மறுநாளே தலைமைப் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை தொடங்கிவிடும். மொத்தம் 32 அணிகள். பெரும்பாலான ஆண்டுகளில் ஐந்துக்குக் குறையாத இடங்கள் காலியாகின்றன. அந்த இடங்களுக்கு முதலில் அடிபடுவது ஏதாவது ஓர் இளம் அஃபென்சிவ் கோஆர்டினேட்டரின் பெயராகத்தான் இருக்கும். அப்படி ஒருவரை எப்படி எடைபோடுவது என்று அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

பந்து தன் அணியின் கையில் இருக்கும்போது (இதுதான் அஃபென்ஸ், எதிரணியிடம் இருக்கும்போது தடுப்பது டிஃபென்ஸ்) என்ன ஆடுவது என்பதைத் திட்டமிடுபவர் அவர். வாரம் முழுக்க எதிரணியின் வீடியோவைப் பார்த்து ஆட்டத் திட்டம் தயாரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் திட்டத்திலிருந்து ஒவ்வொரு பிளேயையும் (ஒரு முறை பந்தை நகர்த்துவதற்கான திட்டமிட்ட ஆட்டம்) தேர்ந்தெடுத்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகச் சொல்வார். அடுத்த பிளேயைத் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு தானாகவே அறுந்துவிடும். அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். இதைத்தான் பிளே காலிங் என்கிறார்கள்.

சில அணிகளில் இந்தக் கடைசி வேலை கோஆர்டினேட்டரிடம் இருக்காது, தலைமைப் பயிற்சியாளரே செய்வார். பிறகு வரும் பல கேள்விகளுக்கு இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

எல்லா அணிகளும் ஏன் இளம் கோஆர்டினேட்டர்களின் பின்னால் ஓடுகின்றன?

ஒரு பெயரில் சொல்வதென்றால், ஷான் மெக்வே. 2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தபோது அவருக்கு வயது 30. நவீன என்எஃப்எல்லில் அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. அதற்கு முந்தைய சீசனில் ராம்ஸ் 4 வெற்றி, 12 தோல்வி. எடுத்த புள்ளிகள் 224, லீக்கிலேயே கடைசி இடம். புதிதாக வந்த குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. மெக்வேயின் முதல் சீசனில் அதே காஃபுடன் 11 வெற்றி, 5 தோல்வி, 478 புள்ளிகள், லீக்கில் முதலிடம். அடுத்த ஆண்டு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனார்கள். 2022 பிப்ரவரியில் வென்றும் விட்டார்கள். இதைப் பார்த்த பிறகு எந்த உரிமையாளருக்குத்தான் ஆசை வராது?

ஆசையைத் தாண்டி நியாயமான காரணமும் ஒன்று இருக்கிறது. டிஃபென்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, அவரிடம் இருக்கும் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் பிரமாதமாகச் செய்தால், ஓரிரு ஆண்டில் வேறு அணி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குவாட்டர்பேக் மறுபடியும் முதலிலிருந்து பாடம் படிக்க வேண்டும். அட்லான்டா ஃபால்கன்ஸில் டான் க்வின் தலைமையில் கைல் ஷனஹன் கோஆர்டினேட்டராக இருந்த 2016இல் அணி 540 புள்ளிகள் எடுத்தது, குவாட்டர்பேக் மேட் ரையன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் (எம்விபி) ஆனார். ஷனஹன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். அதே ரையன், ஏறக்குறைய அதே ஆட்கள், 2017இல் 353 புள்ளிகள். குவாட்டர்பேக்குக்குச் சொல்லிக்கொடுப்பவரே தலைமையில் இருந்தால் அவரை யாரும் கொண்டுபோக முடியாது என்ற கணக்கு தவறே இல்லை.

அந்தக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு ஆளைச் சரியாகப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. மெக்வே மாதிரி ஓர் ஆளைத் தேடிப் போன அணிகளில் பல அவருடைய வயதையும் பேச்சையும் தேடினவே தவிர, ராம்ஸில் அவர் செய்த மற்ற வேலைகளைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

கடந்த சீசனின் புள்ளிகளைப் பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாலு உதாரணம் தருகிறேன்.

ஆடம் கேஸ். 2013இல் டென்வர் பிராங்கோஸின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அந்த ஆண்டு டென்வர் எடுத்த 606 புள்ளிகள் ஒரு சீசனுக்கான லீக் சாதனை. ஆனால் பந்தை எறிந்தவர் பெய்டன் மானிங். களத்தில் நின்று எதிரணியின் டிஃபென்ஸைப் படித்துத் தானே பிளேயை மாற்றிக்கொள்ளும் மனிதர் அவர். கேஸ் பிறகு மயாமியில் மூன்று ஆண்டு, நியூயார்க் ஜெட்ஸில் இரண்டு ஆண்டு தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். இரண்டிலும் சேர்த்து 32 வெற்றி, 48 தோல்வி.

ஃப்ரெடி கிச்சன்ஸ். 2018 சீசனின் நடுவில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் தலைமைப் பயிற்சியாளரையும் கோஆர்டினேட்டரையும் ஒன்றாக நீக்கியது. மிச்சமிருந்த எட்டு ஆட்டங்களுக்கு அஃபென்ஸ் பொறுப்பு கிச்சன்ஸிடம் வந்தது. புதுமுகக் குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் பிரகாசித்தார், அணி ஐந்தில் வென்றது. அந்த அரை சீசனை நம்பி அவரையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். 2019இல் 6 வெற்றி, 10 தோல்வி, சீசன் முடிந்ததும் வேலை போனது. எட்டு ஆட்டத்துக்குள் எதிரணிகள் ஒருவரின் பழக்கங்களை முழுதாகப் படித்து முடிப்பதில்லை. அடுத்த ஆண்டு படித்துவிட்டு வருவார்கள்.

ஆர்தர் ஸ்மித். டென்னசி டைட்டன்ஸில் 2020இல் பந்தோடு ஓடும் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடியபோது கோஆர்டினேட்டர் அவர்தான். அட்லான்டாவில் தலைமைப் பயிற்சியாளராக மூன்று சீசன், மூன்றிலும் 7 வெற்றி, 10 தோல்வி. ஹென்றி மாதிரி ஓர் ஆள் இல்லாதபோது அந்த அஃபென்ஸ் எப்படி இருக்கும் என்பது நேர்காணலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இப்போது மறுபக்கம். அதே டைட்டன்ஸில் ஸ்மித்துக்கு முன்னால், 2018இல் கோஆர்டினேட்டராக இருந்தவர் மேட் லஃப்ளூர். அந்த அணியின் புள்ளிக்கணக்கு லீக்கின் கீழ்ப்பாதியில் கிடந்தது. புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் கூப்பிட்டது. முதல் மூன்று சீசனிலும் தலா 13 வெற்றி.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஒரு கோஆர்டினேட்டரின் கைவண்ணம் தெரிவது எல்லாம் சரியாக இருக்கும் நாளில் அல்ல. முதல் குவாட்டர்பேக் காயத்தில் வெளியேறி, மாற்று ஆள் தொடங்கிய வாரத்தின் வீடியோவைப் பாருங்கள். திட்டம் அந்த ஆளுக்கு ஏற்றபடி மாறியதா, இல்லை பழைய திட்டத்தையே அவர் தலையில் கட்டினாரா? ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடும் பத்துப் பதினைந்து பிளேகள் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதிவைத்தவை. அதில் எல்லோரும் நன்றாகத்தான் தெரிவார்கள். எதிரணி இடைவேளையில் மாற்றம் செய்துவிட்டு வந்த பிறகு, மூன்றாவது கால்பகுதியில் என்ன பதில் வைத்திருந்தார்? ஒரே டிவிஷனில், அதாவது நான்கு அணிகள் கொண்ட அதே பிரிவில், இருக்கும் எதிரணியை அதே சீசனில் இரண்டாம் முறை சந்தித்தபோது புதிதாக ஏதாவது செய்தாரா?

வேறு அணிகளில் சாதாரணமாக இருந்த வீரர்கள் இவரிடம் வந்து மேம்பட்டார்களா என்பதும் முக்கியம். டெட்ராய்ட் லயன்ஸின் கோஆர்டினேட்டராக இருந்த பென் ஜான்சனின் விஷயத்தில் என்னை முதலில் நம்பவைத்தது அதுதான். ராம்ஸ் வேண்டாம் என்று டெட்ராய்ட்டுக்கு அனுப்பிய அதே ஜாரெட் காஃபை வைத்துக்கொண்டு, 2024இல் லயன்ஸ் 564 புள்ளிகள் எடுத்து 15 ஆட்டங்களில் வென்றது. அங்கே குவாட்டர்பேக்கைக் காக்கும் அருமையான அஃபென்சிவ் லைன் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மூன்று சீசன் தொடர்ந்து, எதிரணிகள் படித்துவிட்டு வந்த பிறகும் அந்த அஃபென்ஸ் ஓடியது. கிச்சன்ஸின் எட்டு ஆட்டத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

பிளே காலிங் செய்யாத கோஆர்டினேட்டரை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். நத்தானியேல் ஹேக்கெட், கிரீன் பேயில் லஃப்ளூரின் கோஆர்டினேட்டர். பிளே காலிங் லஃப்ளூரிடம் இருந்தது. கெவின் ஓகானல், ராம்ஸில் மெக்வேயின் கோஆர்டினேட்டர். பிளே காலிங் மெக்வேயிடம். இருவரும் 2022இல் ஒரே சமயத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்கள். டென்வரில் ஹேக்கெட் 15 ஆட்டத்தில் 4 வெற்றியோடு சீசன் முடிவதற்குள்ளேயே நீக்கப்பட்டார். மினசோட்டாவில் ஓகானல் முதல் ஆண்டே 13 வெற்றி. 2024இல் பல அணிகள் கைவிட்ட சாம் டார்னால்டைக் குவாட்டர்பேக்காக வைத்து 14 வெற்றி, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது.

எனவே 'பிளே கால் செய்திருக்கிறாரா' என்ற ஒரு கேள்வி எதையும் தீர்மானிப்பதில்லை. அந்த அணியின் வாராந்திரத் திட்டத்தில் எந்தப் பகுதி அவருடையது, மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) யாருடையது, ரெட் ஸோன் (எதிரணியின் கோல் கோட்டுக்கு 20 யார்டுக்குள்) யாருடையது, வீரர்கள் முன்னால் நின்று விளக்கியவர் யார் என்று துருவிக் கேட்டால் உண்மை வெளிவந்துவிடும். அவருடன் வேலை செய்த குவாட்டர்பேக்கிடம் பத்து நிமிடம் பேசினால் இன்னும் தெளிவாகும்.

நேர்காணலில் மிக முக்கியமான கேள்வி எது?

'உங்களோடு யார் வருகிறார்கள்?'

இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன். நிறைய அணிகள் இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே இருபதுக்கும் மேற்பட்ட உதவிப் பயிற்சியாளர்கள், 53 பேர் கொண்ட முதன்மை அணி, அதற்கு வெளியே பயிற்சி அணி. பிரமாதமாகச் சமைக்கத் தெரிந்தவரிடம் திடீரென்று கல்யாணத்தையே நடத்திக்கொடுங்கள் என்று சொல்வது போன்ற மாற்றம் இது. அடுப்படியை விட்டு அவர் வெளியே வந்தாக வேண்டும். மற்ற வேலைகளுக்குச் சரியான ஆட்கள் கூட இல்லையென்றால் எதுவும் நடக்காது.

30 வயது மெக்வே வந்த உடனே டிஃபென்ஸை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? வேட் ஃபிலிப்ஸிடம். அப்போது ஃபிலிப்ஸ் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், பல அணிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் டென்வரின் டிஃபென்ஸை வைத்து சூப்பர் பவுல் வென்றிருந்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரை, தன்னைவிட அனுபவசாலியை, தயக்கமில்லாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ராம்ஸின் கதையில் பலரும் மறந்துவிடும் பாதி இது. 2025இல் சிகாகோ பேர்ஸுக்குப் போன பென் ஜான்சனும் இதையே செய்தார்: நியூ ஆர்லியன்ஸில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் ஆலனைத் தன் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஆக்கினார்.

ஆன்டி ரீட் 1999இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு வந்தபோது கோஆர்டினேட்டராகக்கூட இருந்ததில்லை, கிரீன் பேயில் குவாட்டர்பேக் பயிற்சியாளர், அவ்வளவுதான். நேர்காணலுக்குத் தடிமனான ஃபைல் ஒன்றைக் கொண்டு போனார், அதில் ஓர் அணியை எப்படி நடத்துவது என்று ஆண்டுக்கணக்காக எழுதிச் சேர்த்திருந்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. டிஃபென்ஸுக்கு ஜிம் ஜான்சனை அழைத்து வந்தார். அந்த ஜோடி ஈகிள்ஸை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது, மூன்றாவது பெயர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் பெயருக்குரியவர் வேறு அணியில் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த அணி விடாமல் போகலாம். ஸாக் டெய்லர் 2019இல் சின்சினாட்டிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தேடல் பிப்ரவரி வரை இழுத்தது. கடைசியில் லூ அனருமோ வந்தார். மூன்று ஆண்டு கழித்து லீக்கின் ஒரு பாதியான ஏஎஃப்சியின் இறுதியில் 3-21 என்று பின்தங்கியிருந்த நிலையில், இடைவேளைக்குப் பிறகு கான்சஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸைத் திணறடித்து சின்சினாட்டியை சூப்பர் பவுலுக்கு அனுப்பியது அந்த அனருமோவின் டிஃபென்ஸ்தான். அங்கே நன்றாக முடிந்தது. எல்லா அணியும் அந்தத் துணிச்சலை எடுக்கக் கூடாது.

30, 32 என்பது மிகவும் இளம் வயது இல்லையா?

வயதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜான் மேடன் 1969இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்குத் தலைமையேற்றபோது 32. டான் ஷூலா 1963இல் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு வந்தபோது 33. மைக் டாம்லின் 2007இல் பிட்ஸ்பர்க்குக்கு வந்தபோது 34. இன்னொரு பக்கம், ஓக்லண்ட் 2007இல் எடுத்த லேன் கிஃபினுக்கு 31. அங்கே 5 வெற்றி, 15 தோல்வியோடு முடிந்தது.

வயதைவிட, எத்தனை விதமான அறைகளில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது நல்லது. வாஷிங்டனில் 2013இல் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷனஹனிடம் இருந்த பயிற்சிக் குழுவில் கைல் ஷனஹன், மெக்வே, லஃப்ளூர், மைக் மெக்டேனியல் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அந்த அணி அந்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. அத்தனை திறமையும் இருந்தும் அணி தோற்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். அந்த அனுபவம் பிறகு அவர்களுக்கு உதவியது என்று நான் நம்புகிறேன்.

ஆட்ட நாள் நிர்வாகத்தை முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது?

2022 செப்டம்பர் 12, சியாட்டில். ஹேக்கெட்டின் முதல் ஆட்டம். டென்வர் 16-17 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. நான்காவது டவுன், ஐந்து யார்டு தேவை. கையில் மூன்று டைம் அவுட். கொண்டுவந்து பெரும் தொகைக்கு ஒப்பந்தம் போட்ட குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் களத்தில் நிற்கிறார். ஹேக்கெட் கடிகாரத்தை ஓடவிட்டு, 64 யார்டு ஃபீல்டு கோலுக்கு (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) ஆளை அனுப்பினார். போகவில்லை, தோல்வி. அடுத்த வாரம் டென்வர் ரசிகர்கள் மைதானத்தில் பிளே கிளாக்கைச் சத்தம் போட்டு எண்ணினார்கள். சில நாளில், இந்த முடிவுகளுக்கு உதவ ஜெரி ராஸ்பர்க் என்ற ஓய்வுபெற்ற பயிற்சியாளரைக் கூட்டி வந்தார்கள். அந்த நியமனம் ஜூலையிலேயே நடந்திருக்க வேண்டியது.

ஒரு கோஆர்டினேட்டர் கடிகாரம், டைம் அவுட், சேலஞ்ச் (நடுவர் முடிவை மறுபடி பார்க்கக் கேட்பது), நான்காவது டவுன் பற்றியெல்லாம் இறுதி முடிவு எடுத்துப் பழகியவர் அல்ல. அதனால் நேர்காணலில் உண்மையான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களைத் திரையில் ஓடவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, 'இப்போது என்ன செய்வீர்கள்' என்று கேட்பதுதான் நல்ல வழி. யோசிக்க நேரம் தரக் கூடாது. பதில் சரியா தப்பா என்பதோடு, 'இதை எனக்குச் சொல்ல ஹெட்செட்டில் இன்னார் இருப்பார்' என்று சொல்கிறாரா என்றும் கவனிக்க வேண்டும்.

பெரிய ஆட்டத்தில் சொதப்பியவரை ஒதுக்கிவிட வேண்டுமா?

2017 பிப்ரவரி 5, சூப்பர் பவுல். அட்லான்டா 28-3 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 28-34 என்று தோற்றது. 28-20 என்றிருந்தபோது ஹூலியோ ஜோன்ஸ் பிடித்த அபாரமான கேட்சால் நியூ இங்கிலாந்தின் 22 யார்டு கோட்டில் பந்து. ஓடி நேரத்தைக் கரைத்து ஃபீல்டு கோல் அடித்திருந்தால் ஏறக்குறைய முடிந்திருக்கும். பாஸ் ஆடப் போய், சாக் (எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது), அப்புறம் பெனால்டி, ஃபீல்டு கோல் தூரத்தையே தாண்டிவிட்டது. பிளே கால் செய்தவர் கைல் ஷனஹன். மறுநாளே சான் ஃபிரான்சிஸ்கோ அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது.

அது சரியான முடிவு. ஓர் இரவின் ஐந்து நிமிடம், பல ஆண்டு வேலையை அழித்துவிடாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை நேருக்கு நேர் கேட்டாக வேண்டும். ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று பிளே பிளேயாக விளக்குகிறாரா, வேறு யார் மீதாவது பழி போடுகிறாரா என்பதில் ஆளின் குணம் தெரிந்துவிடும்.

அதிகாரத்தை எவ்வளவு தரலாம்?

வீரர்களை எடுப்பது, வேறு அணிக்கு மாற்றுவது, டிராஃப்ட் (கல்லூரியிலிருந்து புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஆகியவற்றில் முதல் முறை தலைமைப் பயிற்சியாளருக்கு இறுதி அதிகாரம் தரக் கூடாது. 2009இல் டென்வர் 32 வயது ஜாஷ் மெக்டேனியல்ஸை நியூ இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. வந்த சில வாரத்தில் ஜே கட்லரோடு மனஸ்தாபம். நட்சத்திர வீரர்களின் ஆட்டமான ப்ரோ பவுலுக்குத் தேர்வான அந்த இளம் குவாட்டர்பேக்கை சிகாகோவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பாஸ் பிடிக்கும் பிராண்டன் மார்ஷலும் போனார். முதல் ஆறு ஆட்டமும் வெற்றி என்று தொடங்கிய பயணம், 2010 டிசம்பரில் மொத்தம் 11 வெற்றி, 17 தோல்வியோடு முடிந்தது. பிளே வரைவதில் மெக்டேனியல்ஸின் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. 32 வயதில் ஓர் அமைப்பு முழுவதையும் தன் விருப்பத்துக்கு வளைக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்ததுதான் கெடுதல்.

தலைமைப் பயிற்சியாளர் ஆன பிறகும் பிளே காலிங் செய்யலாமா?

மெக்வே, ஷனஹன் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். எல்லோராலும் முடியாது. நிக் சிரியானி 2021இல் ஈகிள்ஸில் பிளே காலிங்கோடுதான் தொடங்கினார். 2 வெற்றி, 5 தோல்வி என்று போனபோது, சீசனின் நடுவிலேயே கோஆர்டினேட்டர் ஷேன் ஸ்டைக்கனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். 9 வெற்றியோடு முடித்தார்கள். பிறகு இரண்டு முறை சூப்பர் பவுல், 2025 பிப்ரவரியில் 40-22 என்று வெற்றி. விட்டுக்கொடுக்கத் தெரிந்தது அவருக்குப் பெரிய பலம். சிகாகோவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மேட் நாகி பிளே காலிங்கைக் கொடுத்தார், திரும்ப வாங்கினார், மறுபடி கொடுத்தார். அந்த அஃபென்ஸ் கடைசிவரை நிலைபெறவில்லை.

எல்லா அணிகளும் ஒரே மாதிரி ஆட்களையே தேடுவது நியாயமா?

நியாயமில்லை என்று நினைக்கிறேன். கான்சஸ் சிட்டியில் ஆன்டி ரீட்டுக்குக் கீழே அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் நாற்காலியில் இருந்த டக் பீடர்சனை 2016இல் ஃபிலடெல்ஃபியா எடுத்தது. அடுத்து அதே நாற்காலியில் இருந்த நாகியை 2018இல் சிகாகோ எடுத்தது. அதற்கடுத்து ஐந்து சீசன் அதே நாற்காலியில் இருந்து, இரண்டு சூப்பர் பவுல் வென்ற எரிக் பியெனிமியைப் பத்துக்கும் மேற்பட்ட அணிகள் நேர்காணல் செய்தும் ஒன்றுகூட எடுக்கவில்லை. 'ரீட்தானே பிளே கால் செய்கிறார்' என்றார்கள். அந்தக் குறை முன்னவர்களுக்குத் தடையாகவில்லை. பியெனிமி கறுப்பினத்தவர்.

2003இல் வந்த ரூனி விதி, இப்போது வெளியிலிருந்து குறைந்தது இரண்டு சிறுபான்மையினர் அல்லது பெண் வேட்பாளர்களையாவது நேரில் பார்க்கச் சொல்கிறது. விதியால் நேர்காணல்தான் கிடைக்கும். 'அடுத்த மெக்வே' என்ற பிம்பத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்காரும் உரிமையாளர், எதிரில் இருப்பவரை முழுதாகப் பார்ப்பதில்லை. முன்பே எழுதிவைத்த ஒரே கேள்விப் பட்டியலை எல்லா வேட்பாளரிடமும் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அணிகள் இந்தத் தவறை ஓரளவு குறைக்க முடியும்.

பிளே ஆஃபில் இருக்கும் அணியின் கோஆர்டினேட்டருக்காகக் காத்திருக்கலாமா?

தாராளமாக. வேறு அணியில் வேலையில் இருப்பவரை முதலில் காணொளி வழியாகத்தான் பார்க்க முடியும், நேரில் சந்திப்பது பிளே ஆஃபின் இரண்டாவது சுற்றான டிவிஷனல் சுற்று முடிந்த பிறகு. சூப்பர் பவுல் ஆடும் அணியென்றால் கையெழுத்தே பிப்ரவரியில்தான். காத்திருந்தால் உதவிப் பயிற்சியாளர்களில் நல்லவர்கள் போய்விடுவார்கள் என்பது உண்மையான கவலை. அதற்காக இரண்டாம் தரமான ஆளை அவசரமாக எடுப்பது அதைவிட மோசம்.

எத்தனை ஆண்டு பொறுப்பது?

ஷனஹனின் முதல் இரண்டு சீசன் சேர்த்து 10 வெற்றி, 22 தோல்வி. மூன்றாவது சீசன் 13 வெற்றி, சூப்பர் பவுல். டெய்லரின் முதல் இரண்டு சீசன் 6 வெற்றி, 25 தோல்வி, ஒரு சமன். மூன்றாவது சீசனில் சூப்பர் பவுல். இடையில் 2020 டிராஃப்டில் முதல் ஆளாக ஜோ பரோ கிடைத்தார் என்பதை மறக்க வேண்டாம். குவாட்டர்பேக் இல்லாத அணிக்கு யார் வந்தாலும் இரண்டு ஆண்டு தோற்கத்தான் செய்வார்கள்.

அந்தத் தோல்விகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். இளம் வீரர்கள் அக்டோபரைவிட டிசம்பரில் நன்றாக ஆடுகிறார்களா? தவறான உதவிப் பயிற்சியாளரைத் தானே மாற்றுகிறாரா? ஓகானல் முதல் சீசனில் 13 வெற்றி பெற்ற பிறகும் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரை மாற்றி பிரையன் ஃப்ளோரஸைக் கொண்டுவந்தார். வெற்றியிலும் குறை தெரிந்தவர் அவர். இரண்டும் இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு வரை இழுக்க வேண்டியதில்லை.

சில ஆண்டு நேர்காணலுக்குப் போயும் வேலை கிடைக்காதவரை 'ஏதோ குறை இருக்கிறது' என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. கெல்லன் மூர் 2021லேயே நேர்காணலுக்குப் போனார். டாலஸிலிருந்து சார்ஜர்ஸ், அங்கிருந்து ஈகிள்ஸ் என்று வெவ்வேறு தலைமைப் பயிற்சியாளர்களிடம் வேலை பார்த்து, சூப்பர் பவுல் வென்ற பிறகு, 2025 பிப்ரவரியில்தான் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குத் தலைமையேற்றார். பென் ஜான்சன் இரண்டு ஜனவரிகளில் அணிகள் தேடிவந்தும் டெட்ராய்ட்டிலேயே இருந்துவிட்டு, மூன்றாவது ஜனவரியில்தான் சிகாகோவுக்கு ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்டவரிடம் போன முறை கேட்ட அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். உதவிப் பயிற்சியாளர் பட்டியல் மாறியிருக்கிறதா, கடிகாரம் பற்றிய பதில் கூர்மையாகியிருக்கிறதா என்று பழைய குறிப்போடு வைத்துப் பாருங்கள். பதில் வளர்ந்திருந்தால் அவரைப் பட்டியலின் மேலே கொண்டுவரலாம். அதே பதில் அப்படியே வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம்.